காத்திருந்தது 2 நாளா, 16 நாளா? றீஹாப் கட்டிலுக்கான மணிக்கூடு எப்ப ஓடத் தொடங்குது?

கொப்பிக்காரி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் வைத்திய ஆலோசனை கேக்க வரேல்லை. அம்மா இப்ப வீட்டில, நல்லா இருக்கிறா. எனக்கு ஒரு கணக்குத்தான் விளங்கேல்லை: பாரிசவாதம் வந்த அம்மா றீஹாப் (திரும்ப நடக்க, கை பாவிக்கப் பழக்கிற இடம்) கட்டிலுக்கு எத்தினை நாள் காத்திருந்தவ எண்டது. ஆஸ்பத்திரியில றெக்கோட்ஸ் பக்கம் வேலை செய்யிற ஆக்கள் ஆரும் இங்க இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கோ.

2025 மாசி 4, செவ்வாய்க்கிழமை இரவு. அம்மா புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டவ. நீத்துப்பெட்டியை இறக்கப் போன வலது கை பாதியில நிண்டிட்டுது. "என்ர கை எங்க பிள்ளை?" எண்டு கேட்டவ, அடுத்த சொல்லு குழறிப்போச்சு. 911, எமேர்ஜென்சி, ஸ்கான். மூளைக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு, பாரிசவாதம். அம்மாவுக்கு 71 வயசு.

அடுத்த நாளிலயிருந்து நான் ஒரு கொப்பியில எழுதத் தொடங்கிட்டன். கூரியர் கொம்பனி ஒண்டில டிஸ்பாச் வேலை எனக்கு. எது எப்ப வந்தது, எப்ப போனது எண்டு எழுதாட்டி நித்திரை வராது. தம்பி பகலில நிப்பான், நான் இரவில நிப்பன். ஆர் வந்து என்ன சொன்னது எண்டு மற்ற ஆளுக்குத் தெரியவேணும் எண்டுதான் முதல் எழுதினது. பிறகு அதுவே இப்பிடி வந்து நிக்குது.

7ஆம் திகதி வெள்ளிக்கிழமை பிசியோவும் ஓ.டி.யும் (அன்றாட வேலையளைத் திரும்பச் செய்யப் பழக்கிற ஆள்) வந்து "அல்ஃபா ஃபிம்" எண்டு ஒரு புள்ளி போட்டவை, 58. றீஹாப்புக்கு ஏத்த ஆள் எண்டு அப்பவே சொல்லிப்போட்டினம். 9ஆம் திகதி மூக்குக் குழாய் கழட்டினது. தேத்தண்ணியைக் கூழ் மாதிரித் தடிப்பாக்கிக் குடுத்தவை, அம்மா ஒரு மிடறு குடிச்சிட்டு முகத்தைத் திருப்பிப்போட்டா. 10ஆம் திகதி திங்கள் காலமை 10:20க்கு பிசியோப் பிள்ளை அம்மாவைக் கம்பியில பிடிக்கவைச்சு எழுப்பி நிப்பாட்டினவ. எண்ணி முப்பது வரைக்கும் நிண்டவ. பிள்ளை என்ர பக்கம் திரும்பி, "அம்மா றெடி, இனி இவவுக்கு இந்த வோர்ட் தேவையில்லை" எண்டு சொன்னவ. சொன்ன சொல்லை அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறன். (இரவு நிக்கிறதை விட்டிட்டு அண்டைக்கு நான் பகல் நிண்டது நல்லதாப்போச்சு.)

11 செவ்வாய் பின்னேரம் சோசல் வேர்க்கர் ரெண்டு றீஹாப் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் அனுப்பினவ. 13 வியாழன் அம்மாவுக்குக் காய்ச்சல், சலத்தில கிருமி. 15 சனி காய்ச்சல் முழுக்க விட்டிட்டுது. ஆனா அது ஃபமிலி டே லீவு வாரயிறுதி, அதோட அந்தப் பெரிய பனியும் சேர்ந்து கொட்டினது. சனி, ஞாயிறு, திங்கள் மூண்டு நாளும் அம்மா சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தவ. 18 செவ்வாய் டொக்டர் ஃபைலில "ஏஎல்சி" (இந்தக் கட்டில் இனித் தேவையில்லை, வேற இடத்துக்குப் போகலாம் எண்ட குறி) எண்டு எழுதினவர். 19 புதன் ஒரு இடத்தில இருந்து "எடுக்கிறம்" எண்டு பதில். 20 வியாழன் காலமை 11 மணிக்கு அம்மாவை வண்டியில ஏத்தினது.

சித்திரையில ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினனான். சண்டைக்கு இல்லை, இவ்வளவு நாள் ஏன் எடுத்தது எண்டு கேட்டுத்தான். மரியாதையாத்தான் பதில் வந்தது: எங்கட பதிவின்படி உங்கட தாயார் றீஹாப் கட்டிலுக்காகக் காத்திருந்தது 2 நாட்கள்.

நான் கொப்பியை விரிச்சு வைச்சு எண்ணினன். பாரிசவாதம் வந்த நாளிலயிருந்து 16. பிசியோ றெடி எண்ட நாளிலயிருந்து 10. விண்ணப்பம் போன நாளிலயிருந்து 9. ஏஎல்சி எழுதினதிலயிருந்து 2. "எடுக்கிறம்" எண்டதிலயிருந்து 1. ஒரே அம்மா, ஒரே கட்டில், அஞ்சு விடை.

அவை பொய் சொல்லேல்லை எண்டு எனக்கு விளங்குது, ஏனெண்டால் எங்கட வேலையிலயும் இதுதான் நடக்கிறது. பார்சல் லொறியில இருந்து இறங்கி ஸ்கான் பண்ணினாத்தான் மணிக்கூடு ஓடத் தொடங்கும். பார்சல் முதல் நாள் பின்னேரமே வந்து லொறிக்குள்ள கிடந்தாலும், ஸ்கான் பண்ணாத வரைக்கும் அது வரேல்லை. நத்தார் நேரம் சுப்பவைசர் வந்து, "இப்ப ஸ்கான் பண்ணாதையுங்கோ, விடியப் பண்ணுவம்" எண்டு சொல்லிப்போட்டுப் போவார். மாசக் கடைசியில எங்கட டெலிவரி நேரம் நல்ல வடிவாத்தான் இருக்கும்.

ஏன் இப்ப கேக்கிறன் எண்டால், அந்தக் கடிதத்தால என்னை ஆஸ்பத்திரியின்ர நோயாளர் குடும்ப ஆலோசனைக் குழுவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கினம். முதல் கூட்டத்துக்கு முன்னம் அனுப்பின தாளில "றீஹாப் அனுமதிக்கான காத்திருப்பு, இடைநிலை: 2 நாள்" எண்டு இருக்கு. அம்மா சராசரியான ஆள்தான் போல. ஆடி மாசக் கடைசியில கூட்டம். நான் என்ன கேக்கவேணும்? "இந்த மணிக்கூட்டை ஆர் அமத்தித் தொடக்கினது?" எண்டு கேட்டால் மொக்குக் கேள்வியா இருக்குமோ?

மார்க்கம் றோட் (ஸ்காபரோ)

அக்கா கவனம். கேள்வி கேக்கப் போய் மாட்டுப்படாதையுங்கோ. இப்ப சட்டம் வந்திருக்கு, ஏஎல்சி எண்டு எழுதினாப் பிறகு அவை சொல்லுற இடத்துக்குப் போகாட்டி நாளுக்கு 400 டொலர் கட்டவேணும். எங்கட மாமியின்ர சிநேகிதி ஒராளுக்கு அப்பிடிச் சொன்னவையாம்.

பழைய கோடர் (ஏஜாக்ஸ்)

தம்பி, பயப்படுத்தாதை. அது 2022இல வந்த சட்டம். நாளுக்கு 400 டொலர் எண்டது அதே வருசம் கார்த்திகை 20இல இருந்து. ஆனா அது நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குப் போகவேண்டிய ஆக்களுக்கு. றீஹாப் கட்டிலுக்குக் காத்திருக்கிற ஆளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஏஎல்சி எண்ட ஒரே சொல்லு ரெண்டுக்கும் வாறதால எல்லாருக்கும் இந்தக் குழப்பம்.

இப்ப தங்கச்சிக்கு. நான் ஆஸ்பத்திரி றெக்கோட்ஸில கனகாலம் கோடரா (நோயாளர் ஃபைலைக் குறியீடாப் பதியிற ஆள்) இருந்து ஓய்வெடுத்த ஆள். உங்கட கேள்வி மொக்குக் கேள்வி இல்லை, உதைத்தான் கேக்கவேணும்.

ஏஎல்சி எண்டால், நோயாளி ஒரு கட்டிலில இருக்கிறார், ஆனா அந்தக் கட்டில் குடுக்கிற அளவு வைத்தியம் அவருக்கு இனித் தேவையில்லை எண்டதுதான். ஒன்ராறியோ மாகாணம் முழுக்க ஒரே வரைவிலக்கணம் 2009 ஆடியில வந்தது. அதுக்கு முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன்ர பாட்டில எண்ணினது, அது பெரிய கூத்து. புது வரைவிலக்கணத்தில ஒரு வசனம் இருக்கு, நீங்கள் தேடுறது அதைத்தான். காத்திருப்பு எப்ப தொடங்குது எண்டால், டொக்டரோ அவர் பொறுப்புக் குடுத்த ஆளோ "ஏஎல்சி" எண்டு குறிக்கிற நேரத்தில. றெடியான நேரத்தில இல்லை, குறிக்கிற நேரத்தில. ரெண்டும் ஒரே நாளில நடக்கும் எண்டு நம்பித்தான் அந்த விதியை எழுதினவை. உங்கட அம்மாவுக்கு ரெண்டுக்கும் நடுவில எட்டு நாள். ஆஸ்பத்திரி சொன்ன 2 நாள் விதிப்படி சரி. உங்கட 10உம் சரி.

இன்னொண்டும் சொல்லவேணும். உங்கட அம்மாவின்ர காத்திருப்பு ரெண்டு கட்டடத்தில ரெண்டு தரம் பதிவாகியிருக்கும். முதல் ஆஸ்பத்திரி ஏஎல்சி நாளை எழுதும். றீஹாப் ஆஸ்பத்திரி கனேடிய சுகாதாரத் தகவல் நிறுவனத்தின்ர தேசிய றீஹாப் பதிவுக்கு ஒரு படிவம் அனுப்பும். அதில "அனுமதிக்கு றெடியான திகதி" எண்டு ஒரு பெட்டி இருக்கு. அனுமதிச்ச திகதியில இருந்து அதைக் கழிச்சால் காத்திருந்த நாள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில இன்னொரு சின்னப் பெட்டி: றெடியான திகதி தெரியுமா, தெரியாதா? "தெரியாது" எண்டு போட்டால் அந்த ஆள் காத்திருப்புக் கணக்கிலயே வரமாட்டார். பெட்டியை நிரப்புறது றீஹாப்பில இருக்கிற ஆள், றெடியானது மற்றக் கட்டடத்தில. ஃபாக்ஸில ஒரு திகதி இருக்கும், ஃபோனில வேற சொல்லுவினம். நானும் ஒரு காலத்தில அப்பிடி ஃபோன் அடிச்சு, "என்ன திகதி போடுறது?" எண்டு கேட்ட ஆள்தான். "நேற்று எண்டு போடுங்கோ" எண்டு சொல்லுவினம்.

நியாயமான விடை எத்தினை எண்டு கேட்டால், என்ர கையால எழுதுறதெண்டால் 8 போடுவன். 10ஆம் திகதியில இருந்து 20 வரைக்கும் பத்து நாள், அதில காய்ச்சல் கிடந்த 13உம் 14உம் கழிக்கவேணும். காய்ச்சலோட றீஹாப் எடுக்காது, அந்த ரெண்டு நாளும் அம்மாவுக்கு அந்த வோர்ட் உண்மையாவே தேவைப்பட்டது. அதைக் கழிக்கிறது களவு இல்லை. பனி நாளையும் வாரயிறுதியையும் கழிக்கிறதுதான் களவு.

அடுத்தது அந்த "இடைநிலை", எல்லாரையும் வரிசையா நிப்பாட்டினால் நடுவில வாற எண். ஒரு கற்பனைக் கணக்கு போடுறன், பத்துப் பேர். காத்திருந்த நாள் 1, 1, 1, 2, 2, 2, 3, 4, 19, 25. இடைநிலை 2. சராசரி 6. பத்தில ஒன்பது பேர் எத்தினை நாளுக்குள்ள போனவை எண்டு பாத்தால் 19. மூண்டும் உண்மை. 2 எண்டதை மட்டும் தாளில போட்டால் கடைசி ரெண்டு பேரும் இல்லாமப் போயிடுவினம். அந்தக் கடைசி ரெண்டு பேரும் சும்மா வந்த ஆக்கள் இல்லை. உடம்பு பாரமான ஆள், டயாலிசிஸ் செய்யிற ஆள், இரவில எழும்பித் திரியிற ஆள். ஒரு றீஹாப்பும் கெதியில எடுக்காது. கூட்டத்தில 90ஆவது சதமானம் கேளுங்கோ, பத்தில ஒன்பது பேர் எண்டு மேல சொன்ன அந்த எண்தான். அது எப்பவும் அவையிட்ட இருக்கும்.

அதோட, போய்ச் சேர்ந்த ஆக்களைத்தான் இந்தக் கணக்கு எண்ணும். காத்திருந்து காத்திருந்து அலுத்து வீட்டுக்குப் போன ஆள், காத்திருக்கேக்க நிலைமை மோசமாகி இல்லத்துக்குப் போன ஆள், இறந்துபோன ஆள், ஒருத்தரும் அதுக்குள்ள இல்லை. கனநாள் காத்திருந்தவை பட்டியலில இருந்து விழ விழ எண் வடிவாகும். மற்றது, தன்ர கட்டடத்துக்குள்ளயே றீஹாப் வோர்ட் வைச்சிருக்கிற ஆஸ்பத்திரியள். அஞ்சாம் மாடியில இருந்து மூண்டாம் மாடிக்கு இறக்கினால் றெடியான நாளும் அனுமதிச்ச நாளும் ஒண்டு, காத்திருப்பு பூச்சியம். அப்பிடியான பூச்சியங்களும் உங்கட ரெண்டு நாளுக்குள்ள கலந்திருக்கோ எண்டும் கேளுங்கோ.

கூட்டத்துக்கு முதல் அம்மாவின்ர ஃபைலை எடுங்கோ. அம்மா கையெழுத்து வைக்க ஏலுமெண்டால் அவவே கேக்கலாம். ஒன்ராறியோ சுகாதாரத் தகவல் சட்டம் 2004இன்படி 30 நாளுக்குள்ள பதில் தரவேணும். பிசியோவின்ர குறிப்பு, சோசல் வேர்க்கரின்ர குறிப்பு, டொக்டரின்ர ஓடர், மூண்டையும் பேர் சொல்லிக் கேளுங்கோ. இல்லாட்டி டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் தந்து அனுப்பிவிடுவினம்.

கோவை பிசியோ (மிசிசாகா)

வணக்கம். நான் ஒரு ஆஸ்பத்திரி வார்டுல பிசியோதெரபிஸ்ட். அந்த முப்பது எண்ணின பிள்ளை நானா இருக்க முடியாது, நான் வேற ஊர்ல வேலை. ஆனா படிக்கும்போது என்னைப் பத்தி எழுதின மாதிரியே இருந்துச்சு.

அந்த 58 பத்திக் கொஞ்சம் சொல்றேன். அல்ஃபா ஃபிம்னு சொல்றது ஸ்ட்ரோக் வந்த மூணாவது நாள் வாக்குல ஆறு விஷயத்தைப் பாத்து போடற மார்க். சாப்பிடறது, டாய்லெட்டுக்கு மாறி உக்கார்றது, பேசிப் புரியவைக்கிறது மாதிரி. முழு ஃபிம்ல 18 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 7 வரைக்கும், மொத்தம் 126. அது ரீஹாப் போன பிறகு போடறது. அல்ஃபா ஃபிம் 40லேர்ந்து 80க்குள்ள இருந்தா, ஒன்டாரியோவுல அவங்க பெட்ல தங்கி ரீஹாப் பண்ண வேண்டியவங்கன்னு ஒரு வழிகாட்டுதல். உங்க அம்மா நடுவுல கரெக்டா உக்காந்திருக்காங்க. அதே வழிகாட்டுதல் இன்னொண்ணும் சொல்லுது: அடைப்பால வந்த ஸ்ட்ரோக்னா அஞ்சாவது நாள் ரீஹாப் போயிடணும், ரத்தக்கசிவுன்னா ஏழாவது நாள். உங்க கணக்குல அஞ்சாவது நாள் 9ஆம் தேதி. அன்னைக்கு அவங்க மூக்குல குழாய்தான் எடுத்திருக்காங்க.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம். அந்த அஞ்சு நாள் எண்ணறது ஸ்ட்ரோக் வந்த நாள்லேர்ந்து. யாரும் "ரெடி"ன்னு எழுதற நாள்லேர்ந்து இல்லை. ஆம்புலன்ஸ் வந்த தேதியை யாரும் மாத்தி எழுத முடியாது, பாருங்க. ஸ்ட்ரோக் வந்த நாளுக்கும் ரீஹாப்ல சேர்ந்த நாளுக்கும் நடுவுல எத்தனை நாள்ங்கறதை மாகாண அளவுல ஸ்ட்ரோக் அறிக்கைகள்ல பாக்கறாங்க. அதனால உங்க ஆஸ்பத்திரிலயும் அந்த நம்பர் எங்கயோ இருக்கும். கூட்டத்துல அதைக் கேளுங்க. அது காத்திருப்பை மட்டும் காட்டாது, நோயோட தீவிரமும் அதுல கலந்திருக்கும். இருந்தாலும் ஏமாத்தாத நம்பர்.

இனிமே சொல்றதை என் பேர் போட்டு எழுத மாட்டேன். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு வார்டுல ஒரு பழக்கம் இருந்துச்சு. ரீஹாப்லேர்ந்து "வியாழக்கிழமை ஒரு பெட் வர்ற மாதிரி இருக்கு"ன்னு போன் வந்த பிறகுதான் டாக்டர்கிட்ட போய் "ஏஎல்சி எழுதிடலாமா?"ன்னு கேப்போம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லலை. ஏஎல்சி எண்ணிக்கை ஏறினா மேல இருந்து மீட்டிங் வரும், தினமும் காலைல ஒவ்வொரு பேரா "இவர் ஏன் இன்னும் இங்க?"ன்னு கேப்பாங்க. அதனால பெட் தெரியற வரைக்கும் எழுதாம இருக்கறது எல்லாருக்கும் வசதி. விதிப்படி, பெட் இருக்கா இல்லையாங்கறதுக்கும் ஏஎல்சிக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. ஆனா நடந்தது தலைகீழ். பெட் வந்ததால ரெடி ஆனாங்க.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் "ரெடி"ன்னு எழுதாம திங்கக்கிழமைக்குத் தள்ளினதும் உண்டு. சனி ஞாயிறு ரீஹாப்ல விண்ணப்பத்தைப் பாக்க ஆள் இருக்காது, எழுதி என்ன பண்ணன்னு ஒரு நினைப்பு. இப்போ அப்படிச் செய்யறதில்லை.

உங்க அம்மாவோட ஃபைல்ல டாக்டர் ஏஎல்சி எழுதின நேரத்தையும், ரீஹாப்லேர்ந்து முதல் போன் வந்த நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தேதி இல்லை, நேரம்.

ஹோம்புஷ் மாமா (சிட்னி)

பிள்ளை, நான் அவுஸ்திரேலியாவில ஒரு றீஹாப் வோர்ட்டில நேர்ஸிங் மனேஜரா இருந்தனான். இங்க 2002இல இருந்து அவுஸ்திரலேசிய றீஹாப் பெறுபேறு நிலையம் எண்டு ஒண்டு இருக்கு, வொல்லொங்கொங் பல்கலைக்கழகத்தில. அதுக்கு நாங்கள் அனுப்புற படிவத்தில ஒரு திகதி இல்லை, நாலைஞ்சு திகதி கேப்பினம். விண்ணப்பம் வந்த நாள், எங்கட ஆள் போய்ப் பாத்த நாள், வைத்திய ரீதியா றெடியான நாள், சேர்ந்த நாள். பிறகு ஒரு கேள்வி: தொடங்கப் பிந்தினதா? ஓம் எண்டால் ஏன்? நோயாளியின்ர உடல்நிலையா, எங்கட சேவையிலயா, வெளி உதவி கிடையாததா, கருவி இல்லாததா, நோயாளியின்ர நடத்தையா?

இங்கயும் ஆக்கள் ஏனோதானோ எண்டு நிரப்பினவை, அதைப் பொய் சொல்ல மாட்டன். ஆனா உங்கட அம்மா இங்க இருந்திருந்தால் காய்ச்சல் ஒரு பெட்டியிலயும் ஃபமிலி டே வேறொரு பெட்டியிலயும் விழுந்திருக்கும். கூட்டத்தில அந்தக் காரணப் பெட்டி இருக்கோ எண்டு கேளுங்கோ.

கொப்பிக்காரி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் நன்றி. கோடர் அண்ணை சொன்னபடி அம்மாவைக் கொண்டு கையெழுத்து வைப்பிச்சு ஃபைலுக்கு எழுதிப்போட்டனான். வலது கையால வைச்சவ. முதல் எழுத்து கொஞ்சம் ஓடிப்போச்சு, பரவாயில்லை எண்டு அவை ஏற்றுக்கொண்டிட்டினம். 27ஆவது நாள் வந்தது, 212 பக்கம்.

பிசியோவின்ர குறிப்பு மாசி 10, 10:45: உடல்நிலை சீர், றீஹாப்புக்குத் தகுந்தவர், குழுவுக்கு அறிவிக்கப்பட்டது. நான் கொப்பியில 10:20 எண்டு எழுதினனான், அவ 25 நிமிசம் பிந்தி எழுதியிருக்கிறா. பரவாயில்லை.

மாசி 18, 11:35, சோசல் வேர்க்கரின்ர குறிப்பு: றீஹாப்பில இருந்து தொலைபேசி, வியாழன் கட்டில் வர வாய்ப்பு.

மாசி 18, 14:05, டொக்டரின்ர ஓடர்: ஏஎல்சி.

பிசியோ அக்கா, உங்கட பதிவை வாசிச்சிருக்காட்டி இந்த ரெண்டு நேரத்தையும் நான் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திருக்க மாட்டன். ரெண்டரை மணித்தியாலம். ஒருத்தரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரேல்லை, அந்த டொக்டர் ஞாயிற்றுக்கிழமையும் பனிக்குள்ளால வந்து அம்மாவைப் பாத்தவர். ஆனா 10:45க்கும் 14:05க்கும் நடுவில எட்டு நாள் ஒரு கணக்கிலயும் இல்லாமக் கிடக்குது.

அம்மாவிட்ட இதெல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். அவ ஒரு ஆறாவது திகதி சொல்லுறா: 8. சனிக்கிழமை தம்பி தேத்தண்ணி வாங்கப் போன நேரம் தான் தனியக் கட்டில் விளிம்பில எழும்பி இருந்தவவாம். நேர்ஸ் வந்து பேசிப் படுக்கவைச்சதாம். ஃபைலில தேடினன், இருக்கு: "நோயாளி உதவியின்றி எழ முயன்றார், விழும் ஆபத்து பற்றி அறிவுறுத்தப்பட்டது."

பழைய கோடர் (ஏஜாக்ஸ்)

தங்கச்சி, கூட்டத்துக்கு உந்த ரெண்டு நேரத்தையும் கொண்டு போங்கோ, ஆனா அதோட தொடங்காதையுங்கோ. தொடங்கினால் "தனிப்பட்ட விஷயம், தனியக் கதைப்பம்" எண்டு அமத்திப்போடுவினம். முதல் பொதுவாக் கேளுங்கோ: போன வருசம் ஏஎல்சி எழுதின நாளும் கட்டில் உறுதியான நாளும் ஒண்டாவோ, ஒரு நாள் வித்தியாசத்திலயோ இருந்த ஆக்கள் எத்தினை பேர்? உண்மையில றெடியான நாளில எழுதியிருந்தால் அந்தத் தொகை சின்னனா இருக்கவேணும். ஒரு அனலிஸ்ட் ஒரு பின்னேரத்தில எடுக்கக்கூடிய கணக்கு இது, ஒரு புதுப் படிவமும் தேவையில்லை.

கொப்பிக்காரி (ஸ்காபரோ)

போட்டு வந்திட்டன். பத்துப் பேர் இருந்த அறை, சான்ட்விச் வைச்சிருந்தவை. தாளில அந்த 2 நாள் பச்சை நிறத்தில இருந்தது.

நான் மூண்டு கேட்டனான். 90ஆவது சதமானம் என்ன? மனேஜர் உடன சொன்னவ, தாளில போடாத எண், கையில இருந்தது. அதை இங்க எழுத மாட்டன், குழுவில கையெழுத்து வாங்கியிருக்கினம். ஆனா பச்சை நிறத்தில போடக்கூடிய எண் இல்லை. ரெண்டாவது, பாரிசவாதம் வந்த நாளில இருந்து எத்தினை நாள்? அது "ஸ்ட்ரோக் ரீமின்ர எண், இந்தத் தாளுக்கு வராது" எண்டவை. ஏன் வராது எண்டு கேக்க, ஒருத்தர் மற்றவரைப் பாத்தினம். அடுத்த தாளில வரும் எண்டு எழுதிப்போட்டினம்.

மூண்டாவது கோடர் அண்ணையின்ர கேள்வி. மூலையில லப்டொப்போட இருந்த அனலிஸ்ட் பொடியன் தலையை நிமித்திப் பாத்தவன். "அதை நான் ஒருக்கா எடுத்துப் பாத்தனான்" எண்டு சொல்லத் தொடங்கினவன், மனேஜர் திரும்ப, "சரிபார்க்கவேணும், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாறன்" எண்டு முடிச்சுப்போட்டான். கூட்டம் முடிஞ்சு லிஃப்டடியில என்னட்ட வந்து, தாங்கள் காய்ச்சல் நாளைக் கழிக்கிறதில்லை, ஏனெண்டால் ஏஎல்சி எழுதமுதல் வாற காய்ச்சல் கணக்குக்குள்ளயே வராது எண்டு சொன்னவன். எங்கட அம்மாவின்ர காய்ச்சல், பனி, ஃபமிலி டே எல்லாம் சேர்ந்து அந்த எட்டு நாளுக்குள்ள.

மாமா, காரணப் பெட்டியைப் பற்றியும் கேட்டனான். "புதுப் பதிவு முறை வரேக்க யோசிக்கலாம்" எண்டவை.

அடுத்த கூட்டம் ஐப்பசியில. அதுக்கிடையில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில ஆரும் றீஹாப்புக்குக் காத்திருந்தால், மூண்டு நேரத்தை மட்டும் எழுதி வைக்கச் சொல்லுங்கோ: பிசியோ றெடி எண்ட நேரம், விண்ணப்பம் போன நேரம், ஏஎல்சி எழுதின நேரம். மூண்டாவதை அவையாச் சொல்லமாட்டினம், கேட்டுத்தான் எடுக்கவேணும்.

கோவை பிசியோ (மிசிசாகா)

நாலாவதா ஒண்ணு சேத்துக்கோங்க: ரீஹாப் "வேண்டாம்"னு சொன்னா அந்தத் தேதியும் காரணமும். நீங்க ரெண்டு இடத்துக்கு அனுப்பினதா எழுதியிருக்கீங்க, ஒரு இடம்தான் எடுத்துச்சு. இன்னொண்ணு என்ன ஆச்சு?

கொப்பிக்காரி (ஸ்காபரோ)

அக்கா, ஃபைலைத் திரும்பப் பாத்தன். 12ஆம் திகதி அவை கேட்டிருக்கினம், இரவில தனிய விட ஏலுமோ எண்டு. பதில் அனுப்பினதுக்கு ஒரு குறிப்பும் இல்லை. 13 காய்ச்சல். பிறகு அந்த விண்ணப்பம் அப்பிடியே நிக்குது, வேண்டாம் எண்டும் இல்லை, ஓம் எண்டும் இல்லை. இண்டைக்கும் திறந்துதான் கிடக்குது போல.